தில்லிக் குளிரில் அடுப்போரம்: பழைய தில்லியில் எதை, எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை தில்லியில் அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 4 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும். "இதெல்லாம் ஒரு குளிரா, லண்டன்ல பாருங்க" என்று சொல்பவர்களை அழைத்து வந்து ஒரு சாதாரண தில்லி வீட்டில் இரண்டு நாள் தங்க வைத்தால் போதும். லண்டனில் கதவைச் சாத்தினால் குளிர் வெளியே நின்றுவிடும். இங்கே வீடும் ஓட்டலும் மே, ஜூன் வெயிலை நினைத்துக் கட்டியவை: மொசைக் தரை, உயரமான கூரை, முழுசாகச் சாத்தாத ஜன்னல். வெயில் அடிக்கிற நாளில் மத்தியானம் தெருவில் நிற்பவன் ஸ்வெட்டரைக் கழற்றுவான், அறைக்குள் இருப்பவன் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை விட்டு வெளியே வரமாட்டான்.

அதனால் இந்த ஊரில் குளிர்காலச் சாப்பாட்டுக் கடையை எடைபோட ருசி மட்டும் போதாது. அடுப்பு எங்கே இருக்கிறது, நீங்கள் உட்காரும் இடம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அடுத்தது கடிகாரம். பழைய தில்லியின் குளிர்காலப் பண்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளை தப்பினால் அதே கடையில், அதே காசுக்கு, வேறொரு பண்டம்தான் தட்டில் விழும். "போனோம், பெரிசா ஒண்ணும் இல்லை" என்று திரும்புகிறவர்களில் பாதிப் பேர் தவறின நேரத்துக்குப் போனவர்கள்.

காலை: நாகோரி ஹல்வா, பேட்மி

ரயிலில் வருகிறவர்களுக்கு வசதியான தொடக்கம் இதுதான். புது தில்லி ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ மஞ்சள் பாதையில் அடுத்த நிறுத்தம் சாவ்ரி பஜார். அங்கிருந்து சில நிமிட நடையில் பர்ஷாபுல்லா சௌக், அங்கே 1910 முதல் இருக்கிற ஷியாம் ஸ்வீட்ஸ். (தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்கு வந்தால் காலைப் பலகாரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஜனவரி மூடுபனியில் அது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.)

நாகோரி என்பது உள்ளங்கையைவிடச் சின்னதாக, உப்பி, மொறுமொறுவென்று இருக்கும் பூரி. மாவில் நெய் நிறையச் சேர்த்துப் பிசைவதால் அப்பளம் போல நொறுங்கும். அதன் மேலே விரலால் ஓட்டை போட்டு ரவைக் கேசரியை, இங்கே சூஜி ஹல்வாவை, உள்ளே அடைத்து ஒரே வாயில் போட வேண்டும். பழைய தில்லிக்காரர்கள் அதோடு ஒரு சொட்டு உருளைக்கிழங்குக் குழம்பையும் விடுவார்கள். இனிப்பில் காரமா என்று முகம் சுளிக்க வேண்டாம், நாகோரிக்கு உயிரே அந்தச் சொட்டில்தான். பிளேட் வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். ஹல்வாவை அடைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் பூரி ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும்.

பேட்மி பூரி வேறு ரகம். கொஞ்சம் கரகரப்பாக அரைத்த கோதுமை மாவு, அதற்குள் ஊறவைத்து நறநறவென்று அரைத்த உளுந்து, பெருங்காயம், சோம்பு, மிளகாய். வெங்காயமும் பூண்டும் இல்லாத உருளைக்கிழங்குக் குழம்பு தண்ணீராக, காரமாக இருக்கும். வெந்தயத்தில் செய்த புளிப்பு இனிப்புச் சட்னியைக் கேட்டு வாங்குங்கள். பேட்மியைக் குழம்பில் ஊறவிட்டுப் பிய்த்தால் உளுந்தின் நறநறப்பு போய்விடும், தொட்டுச் சாப்பிடுவதே சரி. ஒரு பிளேட் போதும்: மத்தியானம்வரை பசிக்காது, அதற்குமேல் வாங்கினால் நாளின் மற்ற பண்டங்களுக்கு வயிற்றில் இடமிருக்காது.

பெரும்பாலும் நின்றுகொண்டே சாப்பிடும் இடம். அது குறையே இல்லை. பூரிச் சட்டி வாசலில் இருப்பதால் அந்த வரிசையில் நிற்பவனுக்குத்தான் சூடு. காலை 8லிருந்து 10 மணிக்குள் போனால் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். 11 தாண்டினால் நாகோரி தீர்ந்திருக்கும் அல்லது ஆறியிருக்கும்.

தௌலத் கி சாட்: வெயிலுக்கு முன்னால்

சூடான பண்டங்களின் நடுவே இது ஏன் என்று கேட்கலாம். வாயில் வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் நவம்பருக்கு முன்னும் மார்ச்சுக்குப் பின்னும் கிடைக்காத பண்டம், குளிர் இருந்தால்தான் அது உருவமாக நிற்கும். காரமும் இல்லை, சாட்டும் இல்லை, வெறும் பால் நுரை. இதையே லக்னோவில் மக்கன் மலாய் அல்லது நிமிஷ் என்பார்கள், வாரணாசியில் மலையோ.

செய்முறை எளிது, உழைப்புதான் கொடியது. கொழுப்பு எடுக்காத பாலைக் காய்ச்சி, கூடக் கொஞ்சம் க்ரீம் சேர்த்து, இரவெல்லாம் குளிரவிட வேண்டும். பழைய முறையில் மொட்டை மாடியில் பனியில் திறந்து வைப்பார்கள். இன்றைய தில்லிக் காற்றின் லட்சணத்துக்கு, பனிக்கட்டி மேல் வைத்துக் குளிர வைத்திருந்தால் நல்லதென்றே நினைக்க வேண்டும். விடியுமுன் மத்தால் கடைய ஆரம்பித்தால் மேலே நுரை எழும், அதை அள்ளி அள்ளிப் பெரிய தட்டில் சேர்ப்பார்கள். பாதி நுரைக்குக் குங்குமப்பூப் பால், மீதி வெள்ளை. கடைசியில் தொன்னையில் எடுத்து, மேலே உதிர்த்த கோவா, பொடித்த நாட்டுச் சர்க்கரை, பிஸ்தா சீவல்.

நுரை நிற்பது பால் கொழுப்பு இறுகியிருப்பதால். வெப்பம் ஏற ஏற அந்தக் கொழுப்பு இளகும், குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து பால் கீழே இறங்கும். அதனால் வாங்குமுன் தட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஈரத்துணி மூடிய குன்று தட்டின் அடிவரை நுரையாகவே இருந்தால் நல்லது, அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பால் தேங்கியிருந்தால் உடைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நிறத்தையும் கவனியுங்கள். குங்குமப்பூ வெளிறிய மஞ்சள்தான் தரும். பளிச்சென்று ஆரஞ்சாக இருந்தால் கலர்ப்பொடி, அதில் எசென்ஸ் வாடையும் தூக்கலாக அடிக்கும்.

கினாரி பஜார், தரீபா, சாந்தினி சௌக் மெயின் ரோடு என்று பல இடத்தில் மூங்கில் முக்காலிமேல் தட்டு வைத்து நிற்பார்கள். மத்தியானம் 12 மணிக்குள் வாங்கிவிடுவது நல்லது. மூடுபனி நாளில் மாலைவரைகூடத் தாங்கும். பார்சல் கேட்காதீர்கள். டப்பாவில் போட்டு மெட்ரோவில் ஏறினால் இறங்கும்போது சர்க்கரை போட்ட கால் டம்ளர் பால்தான் கையில் இருக்கும். தொன்னை அளவைப் பார்த்து விலை அதிகம் என்று தோன்றும், முக்கால்வாசி காற்றுக்குத்தானே காசு கொடுக்கிறோம் என்றும் தோன்றும். உண்மைதான். அந்தக் காற்றை அதிகாலையில் மணிக்கணக்காகக் கடைந்து ஏற்றியதற்கான கூலி அது. ஒருவருக்கு ஒரு தொன்னை வாங்கிப் பாருங்கள், இரண்டாவதில் முதலாவதின் வியப்பு இருக்காது.

தரீபா முனையில் 1884 முதல் இருக்கிற ஓல்டு ஃபேமஸ் ஜலேபி வாலாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்க் கண்ணுக்கு அது ஜாங்கிரி கனத்தில் இருக்கும், உள்ளே பாகு தேங்கி நிற்கும், நெய்யில் பொரிப்பதால் ஆறினால் நெய் உறைந்து அண்ணத்தில் ஒட்டும். எடைக்குத்தான் கொடுப்பார்கள். இருவருக்கு 100 கிராம் வாங்கி, சட்டியின் அனல் முகத்தில் படும்படி நின்று, அங்கேயே முடித்துவிடுங்கள்.

நிஹாரி

குளிர்காலத் தில்லியில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான். கெண்டைச் சதையையும் நல்லி எலும்பையும் இரவு முழுவதும் சிறு தீயில் வேகவைத்த குழம்பு. மாடு ஆடு எதுவானாலும் நடக்கிற காலில் கொழுப்பு குறைவு, சவ்வும் தசைநாரும் அதிகம். அவசரமாக வேகவைத்தால் செருப்பு மாதிரி இருக்கும். 6 முதல் 8 மணி நேரம் கொதி வராத சூட்டில் வைத்தால் அந்தச் சவ்வெல்லாம் கரைந்து குழம்புக்குள் போய்விடும். நல்ல நிஹாரி சாப்பிட்டதும் உதடு ஒன்றோடொன்று ஒட்டுவது இதனால்தான், எண்ணெயால் இல்லை.

மசாலாவில் சோம்பு, சுக்கு, திப்பிலி, கறுப்பு ஏலக்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி. நம் வீட்டில் சளிக்கு இடிக்கிற சாமான்கள் பாதி அதில் இருக்கின்றன. மிளகாய் நிறத்தைப் பார்த்துப் பயந்தாலும், தொண்டையில் இறங்கும் சூடு பெரும்பாலும் சுக்கும் திப்பிலியும் தருவது. வாய் எரியாமல் நெஞ்சுவரை சூடு இறங்கினால் சமையல்காரர் அளவு தெரிந்தவர். குழம்பைத் திக்காக்க வறுத்த கோதுமை மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். இங்கேதான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. மாவு அளவோடு இருந்தால் கரண்டியின் முதுகில் குழம்பு ஒட்டி நிற்கும், மேலே சிவந்த எண்ணெய் தனியாக மிதக்கும். மாவு அதிகமானால் குழம்பு பசையாகி, இரண்டு நிமிடத்தில் மேலே ஆடை கட்டும், மசாலா மழுங்கி மாவு வாடை தூக்கும். அதுவும் தேக் என்கிற பெரிய அண்டாவில் அடிக்குழம்பு வரும் நேரத்தில் தண்ணீரும் மாவும் சேர்த்து நீட்டுவது வழக்கம். கடைசி அரை மணியில் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

முந்தைய நாள் குழம்பில் கொஞ்சம் எடுத்து வைத்து இன்றைய தேக்கில் சேர்ப்பது மரபு. அதைத் தார் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அறுபடாத தார் என்று பெருமை பேசுகிற கடைகளும் உண்டு. அந்தப் பெருமையைவிட மேலே சொன்ன மாவுக் கணக்கு தட்டில் அதிகம் தெரியும்.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: "படே கா" என்றால் எருமைக்கறி, "சோட்டே கா" என்றால் ஆட்டுக்கறி. பழைய தில்லியின் பேர்போன நிஹாரிக் கடைகளில் பெரும்பாலும் படே கா. ஆடுதான் வேண்டும் என்பவர்கள் ஜாமா மஸ்ஜித் எதிரே கலி கபாபியானில் 1913இல் தொடங்கிய கரீம்ஸுக்குக் காலையில் போகலாம். அங்கே நிஹாரி காலை வேளைக்கு உரியது, மத்தியானம் போய்க் கேட்டுப் பயனில்லை. எங்கள் கணிப்பில் ஆட்டு நிஹாரி சுவையானது, ஆனால் இலேசானது. இந்தச் சமையல் முறை எந்தக் கறிக்காக உருவானதோ அந்தக் கறியில்தான் குழம்பு முழுக் கனத்தோடு வரும்.

அந்தக் கனம் வேண்டுமென்றால் தரியாகஞ்சில் டிலைட் சினிமாவுக்குப் பின்னால், சத்தா லால் மியான் சந்தில் இருக்கிற கல்லு நிஹாரி. ஊதாப் பாதையில் தில்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். இது மாலைக் கடை. 5 மணி சுமாருக்குத் தேக் திறக்கும்போதே பாத்திரத்தோடு ஆள் நிற்கும், இரண்டரை மணி நேரத்துக்குமேல் குழம்பு இருப்பது அரிது. திறந்து அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லியும் கிடைக்கும், மூளை சேர்த்தும் வாங்கலாம். வசதியான உணவகம் என்று நினைத்துப் போகாதீர்கள். மேசையைப் பங்கு போட வேண்டும், சந்து ஈரமாக இருக்கும், பரிமாறுகிறவர் இரண்டாம் முறை கேட்கமாட்டார். குளிருக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்: ஒரு பக்கம் தேக், ஒரு பக்கம் தந்தூர், நடுவில் நெருக்கியடித்து நீங்கள்.

இனி சாப்பிடும் முறை. கொழுப்பு, கை பொறுக்கும் சூட்டிலேயே இறுக ஆரம்பித்துவிடும். 8 டிகிரிக் குளிரில் எவர்சில்வர் தட்டில் வைத்த நிஹாரி ஐந்து நிமிடத்தில் ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டும். அதனால் ஒருவருக்கு அரை பிளேட்டாக வாங்கி, முடித்துவிட்டு இன்னொரு அரை வாங்குங்கள். மேலே நெய் தாளித்துத் தரச் சொல்லலாம். மணத்துக்கு மட்டுமல்ல, கறிக்கொழுப்பைவிட நெய் குறைந்த சூட்டிலும் இளகியே இருக்கும் என்பதால் கலவை சீக்கிரம் உறையாது. கமீரி ரொட்டியையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். புளிக்க வைத்த மாவில் தந்தூரில் சுடுகிற ரொட்டி, சுடச்சுடப் பஞ்சு, ஆறினால் தோல். இஞ்சிச் சீவல், பச்சை மிளகாய், எலுமிச்சை தனியாக வரும். முதல் வாய் அவை இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு எலுமிச்சை பிழியுங்கள், முதலிலேயே பிழிந்தால் திப்பிலி வாசனை தெரியாமல் போகும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பச்சைத் தண்ணீர் வேண்டாம், ஒரு இஞ்சி டீ குடியுங்கள். தொண்டையில் கொழுப்புப் படிந்த உணர்வு அதில்தான் போகும்.

சாந்தினி சௌக்கின் பராட்டாக் கடைச் சந்தான பராண்டே வாலி கலிக்கு என்ன குறை என்று கேட்பார்கள். அங்கே பராட்டாவைக் கல்லில் போடுவதில்லை, கடாயில் பொரிக்கிறார்கள். முதல் ஒன்று நன்றாக இருக்கும், இரண்டாவது வெறும் எண்ணெய். பூசணிக்காய் கறியும் வாழைப்பழச் சட்னியும் வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்பதற்காக ஒருமுறை போகலாம். குளிருக்காகப் போக வேண்டியதில்லை.

தெருவோர நெருப்பு

நடக்கும்போது கை விறைத்தால் ஷக்கர்கந்தி தள்ளுவண்டியைத் தேடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கரிநெருப்பில் சுட்டுத் தோலுரித்து, துண்டு போட்டு, கறுப்பு உப்பு மசாலாவும் எலுமிச்சையும், சில வண்டிகளில் நட்சத்திரம் போல நறுக்கிய தமரத்தங்காயும் சேர்த்துக் குலுக்கித் தருவார்கள். வேகவைத்த கிழங்கையே சுட்டதென்று விற்பதும் உண்டு. தோல் சுருங்கி, உள்ளே பாகு கசிந்து கறுத்திருந்தால் சுட்டது. தோல் வழவழவென்று ஈரமாக இருந்தால் வேகவைத்தது. வேர்க்கடலை வண்டியில் குவியலின் உச்சியில் புகைகிற சின்ன மண்சட்டி ஒன்று இருக்கும். அலங்காரம் இல்லை, கடலையைச் சூடாக வைக்கும் தணல் அது. சட்டியை ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து அள்ளித் தரச் சொல்லுங்கள். எள்ளும் வெல்லமும் இடித்துத் தட்டிய கஜக்கை உடைத்துக் காட்டச் சொல்லி வாங்கலாம். பட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிய பழசு.

உட்கார்ந்து இளைப்பாற

சூடான அறையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பவர்களுக்குப் பழைய தில்லி ஏற்றதில்லை. பல உணவகங்களில் "ஃபேமிலி ஹால் மாடியில் சார்" என்று அனுப்புவார்கள். போகாதீர்கள். அடுப்பும் தந்தூரும் கீழே வாசலில் இருக்கும், மாடியில் கோடைக்கான ஏசி மட்டும்தான் இருக்கும். கீழேயே, தந்தூருக்கு முதுகைக் காட்டுகிற மேசைக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பது லாபம்.

உட்காருவதற்கென்றே போகத்தக்க இடம் மஜ்னு கா டீலா, வடதில்லியின் திபெத்தியக் குடியிருப்பு. மஞ்சள் பாதையில் விதான் சபா நிலையத்தில் இறங்கி இ-ரிக்‌ஷா பிடிக்கலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகள், காற்று உள்ளே வராது. சின்னச் சின்ன உணவகங்கள், தாழ்ந்த கூரை, கதவு சாத்தியிருக்கும், சமையலறை ஆவி கண்ணாடியில் படிந்திருக்கும். எல்லோரும் மோமோ கேட்பார்கள். குளிருக்கு நாங்கள் சிபாரிசு செய்வது தென்துக் என்கிற சூப். துக்பாவில் நீள நூடுல்ஸ், தென்துக்கில் மாவைக் கையால் இழுத்துத் தட்டையாகப் பிய்த்துப் போடுவார்கள். அந்த மாவு கஞ்சிபோல் சூப்பைத் திக்காக்குவதால் சூடு அதிக நேரம் நிற்கும். தொட்டுக்கொள்ள டிங்மோ, அதாவது ஆவியில் வெந்த மடிப்பு ரொட்டி. வெண்ணெய் டீயை முதலில் இருவருக்கு ஒரு கப் வாங்கிப் பாருங்கள். உப்புப் போட்டது. டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கலாம். ஆறவிட்டால் மேலே வெண்ணெய் படலம் கட்டும்.

காசு செலவில்லாமல் சூடான இடம் பங்களா சாஹிப் குருத்வாரா. லங்கர் என்கிற இலவசப் பொதுப்பந்திச் சாப்பாடு எளிமையானது: பருப்பு, சப்பாத்தி, ஒரு காய். கையில் வைக்கிற கடா பிரசாதம்தான் குளிருக்கான பண்டம்: கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடை, சுடச்சுட. இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும், நெய் வழியும், கைக்குட்டை தயாராக இருக்கட்டும். வாசலில் காலைக் கழுவித்தான் உள்ளே போக வேண்டும், அதன்பின் பளிங்குத் தரை. பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் இல்லாமல் ஜனவரியில் அங்கே போகாதீர்கள். தலையை மூடத் துணியும் வேண்டும், ஸ்வெட்டர் தொப்பியைவிட மஃப்ளர் நல்லது.

வெயில் வரும் நாளில் இதெல்லாம் தேவையில்லை. காலை 11:30லிருந்து 3 மணிவரை லோதி தோட்டப் புல்வெளியில் ஆரஞ்சும் வேர்க்கடலையுமாக உட்கார்ந்திருக்கிற ஜனங்கள்தான் தில்லிக் குளிரை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள். கிளம்புமுன் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள், 300ஐத் தாண்டினால் புல்வெளியை மறந்துவிட்டு மஜ்னு கா டீலாவுக்கே போய்விடலாம்.

ஜனவரி இட்லி

கரோல் பாக், ஆர்.கே. புரம் பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 10 டிகிரியில் இட்லி மாவு பொங்காது. சூடான இடம் ஒதுக்கி மாவைக் காக்கிற கடைகள் உண்டு, ஆப்ப சோடாவைக் கொட்டிச் சமாளிக்கிற கடைகளும் உண்டு. சோடா இட்லி லேசாக மஞ்சளித்திருக்கும், பிய்த்தால் துளைகள் பெரிதாக இருக்கும், புளிப்பே இருக்காது, நாக்கின் பின்பக்கம் சவர்க்கார வாடை தெரியும். அப்படியொரு இட்லி வந்தால் அடுத்த வேளைக்குப் பொங்கல், அடை, ரவா தோசை என்று மாவு புளிக்கத் தேவையில்லாதவற்றுக்கு மாறிவிடுங்கள். ஒரு டம்ளர் மிளகு ரசம் தனியாகக் கேட்டால் பல இடங்களில் கொடுப்பார்கள்.

வீட்டில் மாவு அரைப்பவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, பழைய மாவு இரண்டு கரண்டி கலந்து, உப்பைப் பொங்கிய பிறகு சேர்க்கவும். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். பாத்திரத்தைப் பிக்னிக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜ் இல்லை) வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் இரண்டு வைத்து மூடினால் 14லிருந்து 16 மணி நேரத்தில் எழும்பும். வெந்நீரை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டும்.

தங்கும் அறை

அறை எடுக்கும்போது வைஃபையைவிட கீசரைப் பற்றி முதலில் கேளுங்கள். ஜனவரியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் ஏறத்தாழ 12 டிகிரிதான். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒரு வாளியை நிரப்புமுன் ஆறிவிடும். 15 லிட்டர் டேங்க் 60 டிகிரிக்குக் காய்ந்தால் குளிக்கிற சூட்டில் சுமார் 25 லிட்டர் கிடைக்கும், ஒருவருக்குப் போதும். இருவர் என்றால் 25 லிட்டர் டேங்க் கேளுங்கள். ரூம் ஹீட்டரில் ஆயில் ஃபின் வகை சூடாக நேரம் எடுக்கும், ஆனால் இரவுக்கு அதுதான் தோது. ப்ளோயர் உடனே சூடு தரும், சத்தம் போடும், மூக்கை உலர்த்தும். எதுவானாலும் 2000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட், 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் வயர் உருகும். அங்கீட்டி என்கிற கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது சாவுக்கு வழி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வடக்கில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதில் உயிர்கள் போகின்றன.

வாங்கிக்கொண்டு போக

கஜர் ஹல்வா நவம்பர் முதல் பிப்ரவரிவரை வரும் சிவப்புக் கேரட்டில் செய்தால்தான் அந்தச் சுவை. ஊட்டி ஆரஞ்சுக் கேரட்டில் இனிப்பும் சாறும் குறைவு. 1 கிலோ கேரட்டுக்கு ஒன்றே கால் லிட்டர் பால், 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் நெய், 150 கிராம் கோவா என்பது நல்ல கணக்கு. பால் முழுக்க வற்றிய பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் கேரட் வேகாமல் நறுக்கென்று நிற்கும். கடையில் பார்க்கும்போது செங்கல் நிறத்தில், ஓரத்தில் நெய் கசிந்து இருக்க வேண்டும். ரத்தச் சிவப்பாக இருந்தால் கலர். சித்லி கபரில் உள்ள ஷீரீன் பவனில் இதோடு வெள்ளைக் கேரட் ஹல்வாவும், முளைகட்டிய கோதுமையும் பாலும் கறுக்கும்வரை கிண்டிய ஹப்ஷி ஹல்வாவும், கற்றாழையில் செய்த கீக்வார் ஹல்வாவும் கிடைக்கும். நான்கிலும் 50 கிராம் சூடாக வாங்கி ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் ஓட்டு ஹப்ஷிக்கு.

சென்னைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கஜர் ஹல்வாவைத் தவிர்க்கவும். பாலும் கோவாவும் சேர்ந்த ஈரப் பண்டம், தில்லிக் குளிரில் மூன்று நாள் நிற்பது நாக்பூர் தாண்டினதும் புளிக்கத் தொடங்கும். ஹப்ஷி தாங்கும். வட்ட வில்லையாக வருகிற சோஹன் ஹல்வா இன்னும் அதிகம் தாங்கும், ஆனால் சூட்டில் நெய் வெளியே கசியும் என்பதால் அட்டைப் பெட்டியில் வாங்காமல் தகர டப்பாவில் கேளுங்கள். ஜனவரி 26க்கு முந்தைய வாரத்தில் ஒத்திகைக்காகச் சாலைகளும் சில மெட்ரோ வாசல்களும் மூடப்படும், செங்கோட்டைப் பக்கம் போலீஸ் கெடுபிடி இருக்கும். சாந்தினி சௌக் மெயின் ரோட்டில் மற்ற நாளிலும் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை. டப்பாக்களைச் சுமந்துகொண்டு ஆட்டோ தேட வேண்டாம், ஜாமா மஸ்ஜித் மெட்ரோவுக்கு நடப்பதே கிட்டம்.